பில் வோல்டன்: 28 வயது வரை திக்கியவர் மைக்கைப் பிடித்த கதை

கொட்டாஞ்சேனை சென்டர் | ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்றுப் பின்னேரம் ஒரு பாடசாலைக் கூடைப்பந்துச் சுற்றுப்போட்டி. நான் வேலை முடிந்து வந்து பழக்கும் பிள்ளைகள் விளையாடினார்கள். எங்கள் அணியில் சென்டராக, அதாவது வளையத்தருகே நிற்கும் உயரமான ஆளாக, ஆடும் பையனுக்குப் பதினாறு வயது, ஆறடி மூன்று அங்குலம். அவன்தான் ஆட்டநாயகன். கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டு அறிவிப்பாளர் மைக்கை அவன் வாயருகே நீட்டினார். அவனுக்குத் திக்குவாய். "நா... நா..." என்று இரண்டு தரம் முயன்றான். கழுத்து நரம்பு புடைத்தது, கண் இறுக மூடிக்கொண்டது. ஐந்து செக்கன்கூட ஆகியிருக்காது. அறிவிப்பாளர் மைக்கைத் திரும்ப எடுத்து, "தம்பிக்குச் சந்தோசத்தில் பேச்சே வரவில்லை" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கூட்டம் சிரித்தது. திரும்பி வரும்போது மருதானை வரைக்கும் அவன் பஸ் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். கிண்ணம் பைக்குள், சப்பாத்துக்கு அடியில் கிடந்தது.

அவனுக்கு அனுப்பலாம் என்று, அவனைப் போலவே திக்கிய அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பில் வோல்டனைப் பற்றி எழுதத் தொடங்கினேன். பிறகு, இதை இங்கேயும் போடலாம் என்று பட்டது.

வோல்டன் 1952இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். ஜோன் வூடன் பயிற்றுவித்த யூசிஎல்ஏ பல்கலைக்கழக அணியில் 1972, 1973 இரண்டு வருடமும் தேசிய சம்பியன். 1973 இறுதியாட்டத்தை யூடியூப்பில் தேடிப் பாருங்கள். மெம்பிஸ் ஸ்டேட் அணிக்கு எதிராக 22 எறிகளில் 21ஐப் போட்டார். மொத்தம் 44 புள்ளிகள். 1974இல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏயின் தெரிவில் முதல் ஆளாக போர்ட்லண்ட் அணி அவரை எடுத்தது. 1977 இறுதித் தொடரில் பிலடெல்பியாவிடம் முதல் இரண்டு ஆட்டங்களைத் தோற்று, அடுத்த நான்கையும் வென்று கிண்ணத்தைத் தூக்கினார்கள். போர்ட்லண்டுக்கு இன்றைக்கு வரைக்கும் அந்த ஒரு கிண்ணம்தான். கடைசி ஆட்டத்தில் வோல்டன் 20 புள்ளிகள், 23 ரீபவுண்ட் (தவறிய எறியில் பந்தைப் பிடித்தது), 8 பிளொக் (எறியைத் தடுத்தது), 7 அசிஸ்ட் (மற்றவரைப் போட வைத்த பாஸ்). அடுத்த பருவத்தில் 82இல் 58 ஆட்டம்தான் ஆட முடிந்தது, அப்படியும் பருவத்தின் சிறந்த வீரருக்கான எம்விபி விருது அவருக்கே.

இவ்வளவும் செய்த மனிதரால் ஒருவருக்கு "நன்றி" சொல்லி முடிக்க முடியவில்லை. பேட்டி என்றால் ஒதுங்கிப் போய்விடுவார். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. அந்த ஆள்தான் 1990இல் தொலைக்காட்சி வர்ணனைக்கு வந்து, என்பிசி, ஏபிசி, ஈஎஸ்பிஎன் என்று முப்பது வருடத்துக்கு மேல் கதைத்தார். 1991இலேயே எமி விருது. 2024 மே 27இல் புற்றுநோயால் காலமானார், 71 வயது. அன்றைக்கு வந்த இரங்கல்களில் பாதி அவருடைய பந்தைப் பற்றி, பாதி அவருடைய குரலைப் பற்றி.

பையனுக்கு இதையெல்லாம் சொல்லலாம். ஆனால் "அவருக்கு முடிந்தது, உனக்கும் முடியும்" என்று வாயால் சொல்லி விட்டுவிட எனக்கு மனமில்லை. எப்படி முடிந்தது என்பதைச் சொல்ல வேண்டும். உங்களில் யாருக்காவது இதில் அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

வெள்ளவத்தை வாசகி | ஞாயிறு, இரவு 10.15

அண்ணா, வாசிக்கும்போதே நெஞ்சு அடைத்தது. அந்த ஐந்து செக்கன் பொறுத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

எனக்கு ஒரு கேள்வி. 28 வயதில் திடீரென்று என்ன நடந்தது? அதுவரை வராத பேச்சு எப்படி வந்தது?

கொட்டாஞ்சேனை சென்டர் | ஞாயிறு, இரவு 10.50

தங்கச்சி, திடீரென்று ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம்.

அவருக்கு 28 என்றால் 1980, 81. அந்தப் பருவம் முழுக்க, கால் உடைந்து ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. கால் ஓடாத அந்த வருடங்களில்தான் நாக்கை ஓடப் பழக்கினார். அப்போது ஒரு நிகழ்ச்சியில் மார்ட்டி கிளிக்மன் என்ற மூத்த வர்ணனையாளரைச் சந்திக்கிறார். கிளிக்மனும் சாதாரண ஆள் இல்லை. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் 4×100 அஞ்சலோட்ட அணிக்குத் தெரிவாகிப் போனவர். யூதர் என்பதால் கடைசி நேரத்தில், அவரையும் சாம் ஸ்டோலர் என்ற இன்னொரு யூத வீரரையும் நிறுத்திவிட்டார்கள். பதினெட்டு வயதில் அந்த அடியை வாங்கியவர், பிறகு நியூயோர்க் வானொலியில் கூடைப்பந்து வர்ணனைக்கே ஒரு மொழி செய்து கொடுத்தார்.

அவர் வோல்டனுக்குச் சொன்னதன் சாரம் இதுதான்: கதைப்பது ஒரு திறமை, விளையாட்டைப் போலப் பழக வேண்டிய ஒன்று. மனம் ஓடும் வேகத்தை முதலில் குறை. கண்ணாடி முன் நின்று கதை. சத்தமாக வாசி. எந்த எழுத்தில் நாக்கு நிற்கிறதோ அதைக் கண்டுபிடித்து அதையே திரும்பத் திரும்பச் சொல். தாடை உரம் பெற சீனி இல்லாத சுவிங்கம் மெல்லு. அதோடு, நீ கற்றதை இன்னொரு சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடு.

வூடன் ஒவ்வொரு பருவத்தின் முதல் நாளும் தன் வீரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது காலுறை போடுவது எப்படி, சப்பாத்துக் கட்டுவது எப்படி என்பதைத்தான். மடிப்பு விழுந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் ஆட்டம் போகும். அப்படிப் பழகியவருக்கு, கதைப்பதையும் அடியிலிருந்து தொடங்கு என்று ஒருவர் சொன்னதும் பிடிபட்டுவிட்டது.

தெஹிவளை ரேடியோ | திங்கள், காலை 6.20

தம்பி, உங்கள் பையனுக்கு நடந்தது பிழை, அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் வோல்டன் நல்ல வர்ணனையாளர் என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

அவருடைய பசிபிக் கரைப் பல்கலைக்கழக ஆட்டங்கள் நமக்குக் காலை ஒன்பது, ஒன்பதரைக்கு வரும். விருப்பத்தோடுதான் பார்க்க உட்காருவேன். ஆட்டம் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் போகும், அவர் எரிமலையைப் பற்றிக் கதைப்பார். மரத்தைப் பற்றி, சைக்கிளைப் பற்றி, தனக்குப் பிடித்த கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவைப் பற்றி. பாஸ் எங்கே போனது, யார் தடுத்தது, ஒன்றும் வராது.

நான் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவன். பி. எச். அப்துல் ஹமீத் ஒரு சொல்லை உச்சரித்தால் அந்தச் சொல் கண்ணுக்குத் தெரியும். என் அப்பாவுக்குச் சீனி வருத்தத்தால் இரண்டு கண்ணும் போய் எட்டு வருடம். கிரிக்கெட் என்றால் ரேடியோவில் கேட்டுவிட்டு எனக்கே முழு ஆட்டத்தையும் திருப்பிச் சொல்வார். பந்து எங்கே என்று சொல்லாதவரை வைத்துக்கொண்டு அப்பா என்ன செய்வார்? திக்குவாயைத் தாண்டி வந்தது பெரிய விசயம், மறுக்கவில்லை. அதை வர்ணனையின் தரத்தோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது.

கொட்டாஞ்சேனை சென்டர் | திங்கள், காலை 7.05

அண்ணை, நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் அவர் தனியாக உட்காரவில்லையே. பக்கத்தில் டேவ் பாஷ் என்ற வர்ணனையாளர் இருந்தார். பந்து எங்கே, நேரம் எவ்வளவு, யார் போட்டது எல்லாம் பாஷின் வேலை. வோல்டன் விளக்கக்காரர். தொலைக்காட்சியில் படம் கண்முன் ஓடுகிறது, அதனால் அவருக்கு அலைய இடம் இருந்தது. தொண்ணூறுகளின் என்பிசி ஆட்டங்களைப் பாருங்கள், ஒரு சென்டர் எந்தக் காலை முன்னுக்கு வைத்தான் என்றுகூடச் சொல்வார்.

வானொலிக்கு அது சரிவராது என்பதும் உண்மை. ஒரு ஆளே கண்ணாகவும் மூளையாகவும் இருக்க வேண்டும்.

பேச்சும் மூச்சும் | திங்கள், மதியம் 1.30

வணக்கம். நான் கொழும்பில் பேச்சுச் சிகிச்சையாளராக வேலை செய்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், அதனால் நேரே விசயத்துக்கு வருகிறேன்.

திக்குவாய் பயத்தால் வருவதில்லை, வளர்ப்பால் வருவதில்லை, சோம்பலாலும் வருவதில்லை. பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் தொடங்கும். நிறையப் பிள்ளைகளுக்குத் தானாகப் போய்விடும், சிலருக்குப் போகாமல் நிலைத்துவிடும். அப்படி நிலைத்தவர்களில் ஆண்பிள்ளைகள்தான் கூடுதல். பயமும் அவசரமும் அதைக் கூட்டும், ஆனால் காரணம் அவை இல்லை. அந்த அறிவிப்பாளர் செய்ததைப் போல மைக்கைப் பறிப்பதும், சொல்லை நாமே முடித்துக் கொடுப்பதும், "ஆறுதலாகக் கதை" என்று சொல்வதும் உதவாது. மூன்றாவதைச் சொல்பவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள், கேட்கும் பிள்ளைக்கு அது "நீ பிழையாகக் கதைக்கிறாய்" என்றே கேட்கும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது.

கிளிக்மன் சொன்ன சுவிங்கம் வோல்டனுக்கு உதவியிருக்கலாம், எல்லாருக்கும் மருந்து என்று எடுக்க வேண்டாம். தாடை பலமில்லாமல் யாரும் திக்குவதில்லை. சத்தமாக வாசிப்பதும் சொல்லைப் பழகுவதும் நல்லது, ஆனால் பக்கத்தில் பழக்கத் தெரிந்த ஆள் இருக்க வேண்டும். களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் பேச்சுச் சிகிச்சைக்குப் பட்டப்படிப்பே இருக்கிறது. தமிழில் சிகிச்சை செய்பவர்கள் இன்னும் குறைவுதான். அரச ஆஸ்பத்திரிகளில் கேட்டுப் பாருங்கள், காத்திருக்க வேண்டி வந்தாலும் பெயரைப் பதிந்து வையுங்கள். அம்மா அப்பாவையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஒன்றைக் கவனித்துச் சொல்லுங்கள் அண்ணா: அந்தத் தம்பி சொல் மாற்றுகிறாரா? ஒரு சொல் வராது என்று தெரிந்ததும் அதை விட்டு வேறு சொல்லுக்குத் தாவுவது. இதை நாங்கள் மிகவும் கவனமாகப் பார்ப்போம். வெளியில் நன்றாகக் கதைப்பது போலத் தெரியும், உள்ளே அந்தப் பிள்ளையின் உலகம் சுருங்கிக்கொண்டே போகும்.

கொட்டாஞ்சேனை சென்டர் | திங்கள், இரவு 8.10

அக்கா, மிகவும் நன்றி. நான் இரண்டு வருடமாக அவனுக்கு "ஆறுதலாகக் கதை, ஆறுதலாகக் கதை" என்றே சொல்லிவந்தேன். இனி வாயை மூடிக்கொண்டு நிற்பேன்.

சொல் மாற்றுகிறான், இன்று கவனித்தேன். "கூடை" என்று சொல்ல மாட்டான். "வளையம்" என்பான், "மேல" என்பான், கையைக் காட்டுவான். ககரத்தில்தான் நிற்கிறது. கூடைப்பந்து விளையாடும் பிள்ளைக்குக் கூடை என்ற சொல் இல்லை.

முன்னாள் பொயின்ட் கார்ட் | திங்கள், இரவு 9.30

எல்லாரும் வாயைப் பற்றி எழுதுகிறீர்கள், நான் காலைப் பற்றி எழுதுகிறேன். அதைத் தாண்டிப் போகக் கூடாது.

1978இல் போர்ட்லண்ட் முதல் 60 ஆட்டங்களில் 50ஐ வென்றிருந்தது. அப்போதுதான் வோல்டனின் கால் போனது. பருவ முடிவில் கிண்ணத்துக்கான பிளேஓஃப் ஆட்டங்கள் வந்ததும் வலி தெரியாமலிருக்க ஊசி போட்டு இறக்கினார்கள். ஆடினார். பாதத்தில் ஒரு எலும்பு உடைந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அடுத்த பருவம் முழுக்க, கழகத்தின் மருத்துவத்தை எதிர்த்து ஆடாமல் வெளியே இருந்தார். பிறகு சான் டியாகோ அணி. அங்கே முதல் மூன்று பருவத்திலும் சேர்த்து 14 ஆட்டம். அந்த நேரத்தில் ஸ்டன்ஃபோர்டில் சட்டம் படிக்கப் போனார். 1974இலிருந்து 1988 வரை 14 பருவம், பருவத்துக்கு 82 ஆட்டம் என்றால் 1148. அவர் ஆடியது 468.

நானும் ஒரு இறுதியாட்டத்துக்கு ஊசி போட்டுக்கொண்டு இறங்கியவன். எந்தக் கழகம் என்று எழுத விரும்பவில்லை. போட்டவர் நல்ல மனிதர்தான், கேட்டவனும் நான்தான். வலி இல்லாத கணுக்காலை நம்பிப் பாய்ந்தேன். இன்றைக்கும் வெள்ளவத்தைப் புகையிரத நிலையப் படியில் கம்பியைப் பிடிக்காமல் இறங்க முடியாது. வலி என்பது உடம்பு கதைக்கும் பேச்சு. அதன் வாயையும் நாங்கள்தான் பொத்துகிறோம். பிள்ளைகளைப் பழக்கும் தம்பிக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதினேன்.

1986ஐப் பற்றி யாரும் எழுதவில்லையே. லாரி பேர்ட், மெக்ஹேல், பாரிஷ் இருந்த பொஸ்டன் அணிக்கு வந்து, வாங்கில் இருந்து எழும்பி விளையாடும் ஆறாவது ஆளாக 80 ஆட்டம் ஆடினார். முன்னாள் எம்விபி, வாங்கில் உட்கார்ந்தார். அந்த வருடம் சம்பியன், சிறந்த ஆறாவது ஆள் விருதும் அவருக்கே. அதற்கு அடுத்த பருவம் 10 ஆட்டம், அதோடு சரி. பிற்காலத்தில் முதுகு வலி தாங்காமல் வர்ணனையையே விட்டார். 2009இல் முள்ளந்தண்டில் ஒபரேஷன். மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்து மைக்கைப் பிடித்தார். அப்படி வந்தவர் எரிமலையைப் பற்றிக் கதைத்தால் எனக்குக் கேட்டுக்கொண்டிருக்கலாம் போலத்தான் இருக்கும்.

தெஹிவளை ரேடியோ | செவ்வாய், காலை 6.10

முன்னாள் பொயின்ட் கார்ட் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். அவரைக் கேட்கும் காதை நான் கொஞ்சம் மாற்ற வேண்டும்தான். ஆனாலும் பந்து எங்கே என்ற கேள்வியை விடமாட்டேன். அந்தக் கேள்விக்குக் கிளிக்மனே பதில் வைத்திருக்கிறார்.

கோர்ட்டில் "கீ", "லேன்", "டொப் ஒஃப் த கீ" என்று இன்று உலகமே சொல்வதை வானொலியில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவராக அவரைத்தான் சொல்கிறார்கள். கேட்பவருக்குக் கண் இல்லை, அதனால் தரைக்குப் பெயர் வைத்தார். பழைய கோர்ட்டில் வளையத்துக்குக் கீழே இருந்த பாதை ஆறடி அகலம், அதன் தலையில் வட்டம். பார்த்தால் சாவித் துவாரம். அதுதான் கீ. 1951இல் பன்னிரண்டு அடியாக்கினார்கள், 1964இல் என்பிஏ பதினாறு அடியாக்கியது. சாவி உருவம் போய்விட்டது, பெயர் நிற்கிறது.

தமிழில் நாங்கள் என்ன சொல்கிறோம்? "கீயில் இருந்து பாஸ், பெயின்டுக்குள் வந்து லேஅப்." என் அப்பாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது.

வெள்ளவத்தை வாசகி | செவ்வாய், காலை 8.45

அங்கிள், அடுப்படி, கிணத்தடி, மரத்தடி என்கிறோமே. வளையத்துக்குக் கீழே இருக்கும் அந்தக் கட்டம் "கூடையடி" என்றால் என்ன?

முன்னாள் பொயின்ட் கார்ட் | செவ்வாய், காலை 9.20

கூடையடி! இவ்வளவு காலம் அதற்குள் ஓடினேன், இந்தப் பெயர் தோன்றவில்லை.

அப்படியானால் வீடாகவே வைக்கலாம். ஃப்ரீ த்ரோ எறியும் கோடு வாசற்படி. அதற்கு இரண்டு பக்கமும் இடது விறாந்தை, வலது விறாந்தை. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே எல்லாம் முற்றம். எல்லைக் கோட்டை ஒட்டிய மூலைகள் வேலியோரம்.

தெஹிவளை ரேடியோ | செவ்வாய், இரவு 7.30

அப்பாவுக்கு இன்று சொல்லிப் பார்த்தேன். ஒரு பழைய ஆட்டத்தைப் போட்டு, சத்தத்தை அடைத்துவிட்டு நானே சொன்னேன். "முற்றத்தில் பந்து. இடது விறாந்தைக்குப் பாஸ். விறாந்தையில் இருந்து வாசற்படி. ஒருத்தன் குறுக்கே வருகிறான், சுற்றிக்கொண்டு கூடையடிக்குள்..."

அப்பா சாய்மனைக் கதிரையில் இருந்து நிமிர்ந்துவிட்டார். கையை முன்னுக்கு நீட்டி, தன் எதிரே ஒரு வீடு இருப்பதுபோல இடமும் வலமும் காட்டிக்கொண்டு, "வீட்டுக்குள்ள வந்திட்டான், விடாதே, விடாதே" என்றார். கூடைப்பந்துக்கு என் அப்பா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

தம்பி, அந்தப் பையனுக்கு விருப்பமென்றால் மைக்கைக் கொடுங்கள். எவ்வளவு நேரமானாலும் கேட்க இங்கே இரண்டு பேர் இருக்கிறோம்.

பேச்சும் மூச்சும் | செவ்வாய், இரவு 8.00

விருப்பமென்றால் மட்டும். அதோடு, "கூடையடி" ககரத்தில் தொடங்குகிறது. அவருக்காகச் சொல்லை மாற்ற வேண்டாம். அவரே தீர்மானிக்கட்டும்.

கொட்டாஞ்சேனை சென்டர் | சனி, இரவு 9.15

பதில் போடத் தாமதம். பையனுக்கு இந்த இழை முழுவதையும் வாசிக்கக் கொடுத்தேன். வியாழக்கிழமை அவனும் அவன் அம்மாவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெயரைப் பதிந்தோம். அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்று பயிற்சியாட்டம். கணுக்கால் நோகிறது என்றான், வெளியே உட்கார வைத்தேன். புள்ளி எழுதும் மேசையில் என் பக்கத்தில் இருந்தான். நான் போனில் பதிவு போட்டு மேசையில் வைத்து, முற்றம், விறாந்தை என்று சொல்லத் தொடங்கினேன். இரண்டு நிமிடத்தில் அவன் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். நான் கேட்கவில்லை, அவனே இழுத்தான்.

"முற்றத்தில்... ப... பந்து. வலது விறாந்தை. திரும்பவும் முற்றம்." சின்னக் குரல்தான். பக்கத்துக் கோர்ட்டில் பிள்ளைகளின் சப்பாத்துச் சத்தம் அதைவிடக் கூட. பந்து வாசற்படிக்கு வந்தது, எங்கள் கார்ட் ஒருத்தன் உள்ளே புகுந்தான். அங்கே நின்றுவிட்டது. "கூ" என்று உதடு குவிந்தபடியே நின்றது. கண்ணை மூடவில்லை. நான் மேசைக்குக் கீழே என் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன், வளையம் என்று சொல்லிவிடுவானோ என்று.

எறிந்தது போகவில்லை. ரீபவுண்ட் எடுத்தார்கள். பந்து அடுத்த பக்கம் போய், அங்கேயும் ஒருத்தன் எறிந்து, திரும்ப இந்தப் பக்கம் வந்தது. அவன் இன்னும் அந்தச் சொல்லிலேயே இருந்தான். பதிவில் பார்த்தேன், பதினேழு செக்கன்.

"...கூடையடி."

சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை. பந்தைப் பார்த்துக்கொண்டு அடுத்த பாஸைச் சொல்லத் தொடங்கிவிட்டான்.

தெஹிவளை அண்ணை, பதிவு உங்களுக்கு வருகிறது. முதலில் அப்பாவுக்குப் போட்டுக் காட்டச் சொன்னான்.